முஸ்கடே ஒயின்: கடை அலமாரியிலிருந்து கிளாஸ் வரை முழுமையான வழிகாட்டி

பிரான்ஸின் மேற்குக் கோடியில், லுவார் ஆறு அட்லாண்டிக் கடலைத் தொடுவதற்குச் சற்று முன்னால், நாந்த் நகரத்தைச் சுற்றி விளைவது முஸ்கடே. வெள்ளை ஒயின். இனிப்பு கிடையாது. ஓக் பீப்பாயின் வாசம் கிடையாது. ஆல்கஹால் பெரும்பாலும் 12 சதவீதத்தை ஒட்டியே இருக்கும்.

உணவகத்தில் புதிதாகப் பரிமாற வருகிறவர்களுக்கு இந்த ஒயினைத் தொடர்ந்து சொல்லிக்கொடுத்து வருகிறேன். பெரும்பாலான தவறுகள் கார்க்கைத் திறப்பதற்கு முன்பே நடந்துவிடுகின்றன. ஒன்று, தவறான பாட்டிலை வாங்குகிறார்கள். இல்லையென்றால் சரியான பாட்டிலை வாங்கி, சுவையே தெரியாத அளவுக்குக் குளிரவைத்துவிடுகிறார்கள். அதனால்தான் இதில் பாதிக்கு மேல் வாங்குவதையும் குளிர்விப்பதையும் பற்றியே எழுதியிருக்கிறேன்.

முதல் முறைக்கு இரண்டு பாட்டில் வாங்குங்கள்: ஒன்று சாதாரண ‘சூர் லி’, இன்னொன்று ‘க்ரூ’. இரண்டும் என்னவென்று கீழே வருகிறது. பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடித்தால் ஒரே சாயங்காலத்தில் விஷயம் பிடிபடும். தனித்தனியாகக் குடித்தால் இந்த ஒயின் ‘தண்ணி மாதிரி இருக்கு’ என்று தோன்றிவிடும் அபாயம் உண்டு.

1. கையில் இருக்க வேண்டியவை

தண்டு உள்ள, வாய்ப்பக்கம் கொஞ்சம் குறுகிய கிளாஸ், ஆளுக்கு இரண்டு. டம்ளரில் ஊற்றினால் கையின் சூடு நேராக ஒயினுக்குப் போகும், வாசமும் நிற்காது. பெரிய சிவப்பு ஒயின் கிளாஸும் வேண்டாம். முஸ்கடேயின் வாசம் மெல்லியது, அகலமான கிளாஸில் கலைந்துவிடும்.

சமையலறைத் தெர்மாமீட்டர் ஒன்று. பலர் இதைத் தேவையில்லை என்று விடுகிறார்கள். ஆனால் 5 டிகிரிக்கும் 9 டிகிரிக்கும் உள்ள வித்தியாசம் கையால் தொட்டுப் பார்த்தால் தெரியாது, நாக்குக்கு நன்றாகவே தெரியும்.

பாட்டில் கழுத்துவரை மூழ்கும் ஆழமான வாளி அல்லது பாத்திரம், ஐஸ், ஒரு பிடி கல் உப்பு, கார்க் திறப்பான்.

அப்புறம் அறை. ஊதுபத்தி, சாம்பிராணி, வெங்காயம் வதக்கிய வாசம், தாளிப்பு எல்லாம் அடங்கி, ஜன்னலைத் திறந்துவைத்து ஒரு மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். வாசம் தூக்கலான ஒயினாக இருந்தால் இதையெல்லாம் மீறி வந்துவிடும். இது வராது.

2. லேபிளில் முதலில் பகுதியின் பெயரைப் பாருங்கள்

‘முஸ்கடே’ என்ற சொல்லைப் பார்த்ததும் பாட்டிலை எடுத்துவிட வேண்டாம். அதற்குக் கீழே இருக்கும் வரிதான் முக்கியம். அந்த வரி இல்லாவிட்டால் அது பொதுவான முஸ்கடே, பரந்த பகுதி முழுவதற்கும் உரிய அடிப்படை வகை.

நீங்கள் தேட வேண்டியது ‘முஸ்கடே செவ்ர் எ மேன்’. செவ்ர், மேன் என்ற இரண்டு சிறிய ஆறுகளின் பெயர் அது. நாந்துக்குத் தெற்கிலும் தென்கிழக்கிலும் அவை ஓடும் மேட்டு நிலம்தான் இந்தப் பகுதி. 1936இல் சட்டப்படி எல்லை வகுக்கப்பட்டது. முஸ்கடே விளைச்சலில் பெரும்பங்கு இங்கிருந்துதான் வருகிறது, தேர்வும் இங்கேதான் அதிகம். ‘கொத்தோ த லா லுவார்’, ‘கோட் த கிரான்லியூ’ என்று இன்னும் இரண்டு பகுதிகள் உண்டு. முதலாவது லுவார் ஆற்றோரம், இரண்டாவது கிரான்லியூ ஏரியைச் சுற்றி. நல்ல ஒயின்கள்தான், ஆனால் முதல் பாடத்துக்கு செவ்ர் எ மேன் போதும்.

எல்லாவற்றுக்கும் அடிப்படை ‘மெலோன் த பூர்கோன்’ என்ற திராட்சை. பெயரில் பர்கண்டி இருந்தாலும் இன்று அதன் வீடு நாந்த்தான். இதற்கென்று தூக்கலான மணம் எதுவும் இல்லை. இதை நினைவில் வையுங்கள், கீழே சொல்லப்போகும் பல படிகளுக்குக் காரணம் இதுதான்.

வழக்கமான தவறு: ‘முஸ்கா’ என்று போட்ட பாட்டிலை எடுத்து வருவது. அது வேறு திராட்சை, பூ வாசம் தூக்கலாக இருக்கும், பெரும்பாலும் இனிப்பாகவே விற்கிறார்கள். இன்னொன்று, அதே அலமாரியில் இருக்கும் ‘குரோ பிளான்’. அதுவும் நாந்த் பக்கத்து ஒயின்தான், ஆனால் ‘ஃபோல் பிளான்ஷ்’ திராட்சையில் செய்தது, புளிப்பு இன்னும் கூர்மை. பழகாத நாக்குக்கு அதை முதலில் கொடுத்தால் முகம் சுளிக்கும்.

3. ‘சூர் லி’ என்ற இரண்டு சொற்களைத் தேடுங்கள்

லேபிளில் பெரும்பாலும் சின்ன எழுத்தில் இருக்கும். பிரெஞ்சில் இரண்டு சொல் (sur lie), ஒவ்வொன்றும் மூன்று எழுத்து. வண்டலின் மேல் வைத்தது என்று பொருள்.

செப்டம்பரில் அறுவடை. சாறு நொதித்து முடிந்ததும் ஈஸ்ட் செத்து, தொட்டியின் அடியில் மெல்லிய பசைபோல் படியும். பல வெள்ளை ஒயின்களில் இந்த நேரத்தில் மேல்தெளிவை வேறு தொட்டிக்கு மாற்றிவிடுவார்கள். இங்கே மாற்றுவதில்லை. குளிர்காலம் முழுவதும் அந்த வண்டலின் மேலேயே கிடக்கும். அடுத்த மார்ச் 1க்கு முன்னால் பாட்டிலில் அடைக்கக் கூடாது என்பது விதி. அடைக்கும்போதும் அதே தொட்டியிலிருந்து நேராக பாட்டிலுக்குப் போக வேண்டும்.

இதனால் மூன்று காரியம் நடக்கிறது. வண்டல் ஆக்சிஜனை உறிஞ்சிக்கொள்வதால் ஒயின் வாடாமல் இருக்கிறது. செத்த ஈஸ்ட் மெல்லக் கரைந்து, வெறும் புளிப்பாக நின்றிருக்கக்கூடிய ஒயினுக்கு ஒரு சதைப்பிடிப்பைத் தருகிறது. தொட்டி மாற்றாததால் நொதித்தபோது உண்டான வாயுவில் கொஞ்சம் உள்ளேயே தங்கிவிடுகிறது. முதல் மடக்கில் நாக்கு நுனியில் லேசாகச் சுருக்கென்று குத்துவது அதுதான்.

ஓக் பீப்பாய் ஏன் வேண்டாம் என்பதும் இங்கேயே புரியும். மணம் குறைந்த திராட்சையைப் புதுப் பீப்பாயில் வைத்தால் கடைசியில் மரம்தான் மணக்கும். அதனால் நாந்த் பக்கத்தில் தரைக்கு அடியில் கட்டிய சிமென்ட் தொட்டிகள்தான் பழைய வழக்கம், உள்பக்கம் கண்ணாடி ஓடு பதித்திருப்பார்கள். மண்ணுக்குள் இருப்பதால் வெப்பம் ஏறி இறங்காது, கண்ணாடி எந்த வாசமும் சேர்க்காது. கூடவே, பச்சை ஆப்பிளில் இருக்கும் மாலிக் அமிலத்தை மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றும் இரண்டாவது நொதித்தலையும் பெரும்பாலும் நடக்கவிடுவதில்லை. அந்தத் துடிப்பான புளிப்பு அங்கிருந்து வருகிறது.

வழக்கமான தவறு: வண்டல் என்றதும் பாட்டிலுக்குள் கசடு இருக்கும் என்று நினைத்து, ஒரு நாள் நிறுத்திவைத்து வேறு ஜாடிக்கு வடித்து ஊற்றுவது. வண்டல் தொட்டியிலேயே நின்றுவிட்டது, பாட்டிலுக்குள் வருவது தெளிந்த ஒயின். வடித்தால் அந்தச் சுருக்கென்ற வாயுதான் போகும்.

4. இரண்டாவது பாட்டில்: க்ரூ

புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. இந்தப் பகுதியில் அதிகம் வியக்கவைக்கும் ஒயின்களும் இங்கேதான் இருக்கின்றன.

செவ்ர் எ மேன் பகுதிக்குள் சில ஊர்களின் நிலம் தனித்தன்மை உடையது என்று சட்டப்படி ஏற்று, அவற்றின் பெயரை லேபிளில் போட அனுமதித்திருக்கிறார்கள். அந்த ஊர்களின் ஒயினைத்தான் ‘க்ரூ’ என்கிறோம். 2011இல் கிளிசோன், கோர்ஜ், லெ பல்லே. 2019இல் கூலேன், ஷாத்தோ-தெபோ, மொன்னியேர்-சேன்-ஃபியாக்ர், மூசிய்யோன்-தில்லியேர். அதற்குப் பிறகும் பட்டியல் நீண்டிருக்கிறது. லேபிளில் ‘முஸ்கடே செவ்ர் எ மேன்’ என்பதோடு ஊர்ப்பெயர் சேர்ந்து நிற்கும்.

இவை வண்டலின் மேல் கிடக்கும் காலம் ஒரு குளிர்காலம் இல்லை. ஒன்றரை ஆண்டு, இரண்டு ஆண்டு, சிலரிடம் அதற்கும் மேலே. அப்படியிருந்தும் லேபிளில் ‘சூர் லி’ என்ற சொல் இருக்காது. அந்தச் சொல்லைப் போட வேண்டுமென்றால் குறிப்பிட்ட காலத்துக்குள் பாட்டிலில் அடைத்திருக்க வேண்டும், இவை அந்தக் கெடுவைத் தாண்டிவிட்டவை. ‘சூர் லி இல்லையே’ என்று நல்ல கிளிசோன் பாட்டிலைத் திருப்பி அலமாரியில் வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஊர்ப்பெயர் இருந்தால் அந்தச் சொல்லைத் தேடாதீர்கள்.

எந்த ஊர்? முதல் முறைக்குக் கிளிசோன். அடியில் கிரானைட் பாறை, ஒயினில் பழுத்த பழத்தின் வாசமும் அகலமும் இருக்கும், புதியவர்களுக்கு உடனே பிடிக்கும். கோர்ஜ் இரண்டாவது முறைக்கு. அதன் நிலம் காப்ரோ என்ற கரும்பச்சை நிறப் பாறை, பூமிக்கு அடியிலேயே எரிகுழம்பு உறைந்து உண்டானது, மேலே களிமண். ஒயின் இறுக்கமாக இருக்கும், திறந்து அரை மணி நேரம் கழித்துத்தான் பேசத் தொடங்கும். எனக்குக் கோர்ஜ்தான் பிடிக்கும், ஆனால் முதல் பாட்டிலாக யாருக்கும் அதைக் கொடுப்பதில்லை.

5. அறுவடை ஆண்டும் அடைத்தவர் பெயரும்

சாதாரண சூர் லி என்றால் கடைசியாக வந்த ஆண்டு அல்லது அதற்கு முந்தையது. அதன் அழகே புதுமைதான். க்ரூ என்றால் நேர்மாறு: நாலைந்து வயதானது கிடைத்தால் எடுங்கள், நல்ல கை செய்தது பத்து ஆண்டும் நிற்கும். பழைய முஸ்கடே என்றதும் கெட்டுப்போயிருக்கும் என்று ஒதுக்குவது இன்னொரு பொதுவான தவறு.

2021 ஏப்ரலில் கடும் உறைபனி விழுந்து இப்பகுதியின் தளிர்கள் கருகின. அந்த ஆண்டுப் பாட்டில் குறைவாகத் தென்பட்டால் காரணம் அதுதான்.

திராட்சை விளைவித்தவரே அடைத்தாரா என்பதையும் லேபிளின் அடிப்பக்கம் சொல்லும். தோட்டத்திலேயே அடைத்தது என்று இருந்தால் நல்லது. விலை? பிரான்ஸில் நல்ல சூர் லி பொதுவாக 10 யூரோவுக்குள் கிடைக்கும், க்ரூ அதற்கு மேலே தொடங்கும். அந்தக் கூடுதல் பணத்துக்கு க்ரூவில் பதில் உண்டு. சாதாரண சூர் லிக்கு மட்டும் 20 யூரோ கொடுக்கத் தேவையில்லை.

கடையில் ஜன்னல் வெயில் படும் தட்டில் நிற்கும் பாட்டிலை எடுக்காதீர்கள். மெல்லிய ஒயின், வெளிச்சத்தில் சீக்கிரம் கெடும்.

6. குளிர்விப்பது

சூர் லிக்கு 8 முதல் 10 டிகிரி. க்ரூவுக்கு 11 முதல் 13. இரண்டையும் ஒரே குளிரில் வைத்தால் ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை.

வீட்டு ஃபிரிட்ஜ் 4, 5 டிகிரியில் இருக்கும். முந்தின நாளே வைத்த பாட்டிலை அப்படியே எடுத்து ஊற்றினால் வாசம் எழாது, புளிப்பு மட்டும் பல்லில் ஏறும், வண்டல் தந்த சதைப்பிடிப்பு மறைந்துவிடும். ‘தண்ணி மாதிரி’ என்று சொல்கிறவர்களின் பாட்டிலில் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் 5 டிகிரிதான் காட்டுகிறது.

செய்ய வேண்டியது இது. இரண்டு பாட்டிலையும் சாயங்காலம் ஊற்றுவதற்கு மூன்று மணி நேரம் முன்னால் ஃபிரிட்ஜில் வையுங்கள். ஊற்றுவதற்கு அரை மணி இருக்கும்போது க்ரூவை வெளியே எடுத்து மேசையில் வையுங்கள், சூர் லியைப் பத்து நிமிடம் முன்னால். திறந்ததும் ஒரு கிளாஸில் இரண்டு மடக்கு ஊற்றித் தெர்மாமீட்டரை விடுங்கள். கோடைக்கால அறையில் இந்த நேரம் குறையும், குளிர்காலத்தில் கூடும். அதனால் நேரத்தை நம்பாமல் அளந்து பாருங்கள்.

அவசரம் என்றால் வாளியில் பாதி ஐஸ், பாதி தண்ணீர், அந்த ஒரு பிடி உப்பு. இருபது நிமிடத்தில் அறைச்சூட்டுப் பாட்டில் தயார். வெறும் ஐஸைக் கொட்டினால் இடையில் காற்று நிற்கும், குளிர் பாட்டிலைத் தொடாது. தண்ணீர் சேர்ப்பதன் காரணம் அதுதான். கழுத்துவரை மூழ்கட்டும், இல்லையென்றால் முதல் கிளாஸ் வெதுவெதுப்பாக வரும்.

ஃப்ரீசர் வேண்டாம். மறந்தால் கார்க் தள்ளிக்கொண்டு வரும். கிளாஸில் ஐஸ் கட்டியும் வேண்டாம், இதில் தண்ணீர் சேர்க்க இடம் இல்லை.

7. திறப்பதும் ஊற்றுவதும்

கார்க்கை எடுத்ததும் அதன் அடியில் சின்னக் கண்ணாடித் துகள்போல் படிகங்கள் ஒட்டியிருக்கலாம், பாட்டில் அடியிலும் கிடக்கலாம். உடைந்த கண்ணாடி என்று பதறி ஒரு முழுப் பாட்டிலைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்டிய புதுப் பணியாளர் உண்டு. அது டார்டாரிக் அமில உப்பு, திராட்சையில் இயல்பாக இருப்பது, குளிரில் படிகமாகிறது. கெடுதல் இல்லை. கடைசி மடக்கை மட்டும் பாட்டிலிலேயே விட்டுவிடுங்கள்.

முதலில் கொஞ்சம் ஊற்றி முகருங்கள். நனைந்த அட்டைப்பெட்டி வாசம் வந்தால் கார்க் கெட்டிருக்கிறது. மரவாசம் மறைக்காத ஒயின் என்பதால் இந்தக் குறை இதில் உடனே தெரியும். அந்தப் பாட்டிலைக் கடையில் திருப்பிக் கொடுக்கலாம், வெட்கப்படத் தேவையில்லை.

கிளாஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள். நிறைய ஊற்றினால் குடித்து முடிப்பதற்குள் சூடேறிவிடும். கிளாஸ் சுவரில் நுண்ணிய குமிழிகள் ஒட்டியிருந்தால் நல்லது, முன்னால் சொன்ன வாயுதான்.

8. சுவைக்கும் வரிசை

சூர் லி முதலில், க்ரூ பிறகு. தலைகீழாகப் போனால் க்ரூவின் அகலம் வாயில் நின்று, சூர் லி ஒல்லியாகத் தெரியும்.

சூர் லியை முகரும்போது எலுமிச்சைத் தோல், பச்சை ஆப்பிள், கொஞ்சம் ரொட்டி மாவு. அவ்வளவுதான், மேலும் தேடி மூக்கைக் களைப்பாக்க வேண்டாம். வாயில் வைத்து விழுங்கிய பிறகு என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். வாயின் ஓரங்களில் எச்சில் ஊறும், கடைசியில் மெல்லிய உப்புச் சுவை நிற்கும். மணத்தை வைத்து அல்ல, விழுங்கிய பிறகு நிற்கும் இந்த ஊறலை வைத்துத்தான் முஸ்கடேயை மதிப்பிட வேண்டும்.

அதே கவனத்தோடு க்ரூவுக்குப் போங்கள். பேரிக்காய், சில சமயம் வறுத்த கொட்டை வாசம், நாக்கின் நடுவில் ஒரு வழவழப்பு. இரண்டுக்கும் திராட்சை ஒன்றே. பாறையும் வண்டல்மேல் கிடந்த மாதங்களும்தான் வேறு. கிளாஸில் கொஞ்சம் மிச்சம் வைத்து அரை மணி கழித்து மறுபடி முகருங்கள், க்ரூ மாறியிருக்கும்.

9. சாப்பாடு

சூர் லிக்குப் பச்சைச் சிப்பி. அட்லாண்டிக் கரையின் சிப்பியும் இந்த ஒயினும் ஒரே மேசையில் வளர்ந்தவை. சிப்பியின் மேல் எலுமிச்சை பிழியாதீர்கள், அந்த வேலையை ஒயின் செய்யும். இரண்டு புளிப்பு சேர்ந்தால் ஒன்று தோற்கும். ஆவியில் திறந்த மட்டி, வாட்டிய மத்தி மீன் எல்லாம் பொருந்தும்.

க்ரூவுக்கு நாந்தின் சொந்தச் சாஸ் ‘பெர் பிளான்’: சிறு வெங்காயத்தை வினிகரில் சுண்டவைத்து, வெண்ணெயைத் துண்டு துண்டாகச் சேர்த்து அடித்தது. ஆற்று மீனுக்கு மேல் ஊற்றுவார்கள். வெண்ணெயைத் தாங்க வேண்டுமென்றால் ஒயினுக்குச் சதை வேண்டும். சாதாரண சூர் லி அங்கே காணாமல் போகும்.

நம் சமையலில்? மிளகும் உப்பும் மட்டும் போட்டு வறுத்த நெத்திலி, கணவாய் வறுவல், தேங்காய்ப்பாலில் செய்த மீன் சொதி நன்றாகப் போகும். புளி ஊற்றிய மீன் குழம்போடு வைக்காதீர்கள். குழம்பின் புளிப்பு ஒயினின் புளிப்பை விழுங்கிவிடும், மிளகாய்க் காரம் மிச்சத்தை முடித்துவிடும்.

10. மிச்சம் இருந்தால்

கார்க்கை மறுபடி இறுக்கி, ஃபிரிட்ஜில் நிறுத்தி வையுங்கள். படுக்கவைத்தால் காற்றுபடும் பரப்பு கூடும். சூர் லியை மறுநாளே முடித்துவிடுங்கள், வாயு போனதும் அதன் உயிர் பாதி போகிறது. க்ரூ மூன்று நாள் தாங்கும், இரண்டாம் நாள் இன்னும் நன்றாக இருப்பதும் உண்டு.

11. நேரில் போக நினைத்தால்

நாந்த் ரயில் நிலையத்திலிருந்து கிளிசோனுக்கு டிராம்-ரயில் ஓடுகிறது. வழியில் லா ஏ-ஃபுவாசியேர், லெ பல்லே, கோர்ஜ் என்று லேபிளில் பார்த்த பெயர்களே நிறுத்தங்களாக வரும். முதலில் லெ பல்லேயில் இறங்குங்கள். அங்குள்ள திராட்சைத் தோட்ட அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டுத் தோட்டங்களுக்குப் போனால், எந்தப் பாறையின் மேல் நிற்கிறோம் என்று தெரிந்தே நிற்கலாம். கார் இருந்தால் ஷாத்தோ-தெபோவில் மேன் ஆற்றுப் பள்ளத்தாக்கின் மேல் நீட்டிக் கட்டிய இரும்புப் பார்வை மேடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தோட்டக்காரர்களிடம் முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவிட்டுப் போங்கள். பெரும்பாலும் குடும்பமாக நடத்துகிறார்கள், ஞாயிற்றுக்கிழமை பலர் மூடிவிடுவார்கள். செப்டம்பர் அறுவடை நாட்களில் பேச அவர்களுக்கு நேரம் இருக்காது. ஜூன் மாதத்தில் கிளிசோனில் ஹெல்ஃபெஸ்ட் இசைவிழா நடக்கும். அந்த வாரத்தில் சுற்றுவட்டாரத்தில் அறை கிடைப்பது கஷ்டம், ரயிலிலும் நிற்க இடம் இருக்காது. மே மாதமோ அக்டோபர் நடுப்பகுதியோ வசதி. அக்டோபரில் போனால் தொட்டியில் அப்போதுதான் நொதித்து முடிந்த, இன்னும் கலங்கலாக இருக்கும் புது ஒயினைச் சிலர் ஊற்றித் தருவார்கள். கேட்டுப் பாருங்கள்.